கழுத்தில் பிறந்த ஒரு சொல்

எங்கள் ஊரில் வெயிலுக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது பொன்னாடை. மாற்றலாகிப் போகிறவருக்கு ஒன்று, அந்த இடத்துக்கு வருகிறவருக்கு ஒன்று, விழாவுக்குக் கதிரை கொடுத்து உதவியவருக்கு ஒன்று. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலே பாதி ஆயுளுக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் எனக்கும் சில கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இப்போது என் தையல் மெஷினைத் தூசி படாமல் காக்கிறது. மற்றவற்றுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

ஆகவே, சுயதொழில் செய்யும் பெண்களைக் கௌரவிக்க ஒரு விழா எடுக்கிறோம் என்று ஓர் உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தபோது எனக்குப் பெரிய புளகாங்கிதம் ஒன்றும் ஏற்படவில்லை. நினைவுச் சின்னத்தில் பொறிப்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி வேண்டுமாம்.

"மெரிட், அவார்ட் எல்லாம் போனமுறை போட்டாச்சு டீச்சர். கொஞ்சம் கனமான சொல்லாப் பாத்துத் தாங்கோ."

சொல்லைத் தராசில் நிறுத்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கௌரவம் பெறப்போகிறவர்களில் என் அக்காவும் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். அதிலே 'அக்கலேட்' என்ற சொல்லைப் போட்டேன். சிறப்பாக ஒன்றைச் செய்து முடித்தவருக்கு நாலு பேர் அறியக் கொடுக்கும் உயர்ந்த பாராட்டு என்பது அதன் பொருள். உத்தியோகத்தருக்கு நல்ல திருப்தி. சொல் வாயை நிறைக்கிறது என்றார்.

கொடுத்த பிறகுதான் எனக்கு அரிக்கத் தொடங்கியது. எத்தனையோ வகுப்புகளுக்கு அந்தச் சொல்லைப் பொருளோடு சேர்த்து மனனம் செய்வித்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. அலுமாரிக்கு மேலே கிடந்த தடித்த அகராதியை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தேன்.

அது கழுத்திலிருந்து வந்திருக்கிறது. லத்தீனில் 'அட்' என்றால் நோக்கி. 'கொலும்' என்றால் கழுத்து. சட்டைக்கு வைக்கிறோமே கொலர், அதுவும் இந்தக் குடும்பம்தான். இரண்டையும் சேர்த்து, ஒருவரைக் கழுத்தோடு கட்டிக்கொள்வதற்கு ஒரு சொல்லை அந்தப் பக்கத்து மக்கள் உண்டாக்கியிருக்கிறார்கள். இத்தாலிக்காரரா தென் பிரான்ஸ்காரரா முதலில் சொன்னது என்பதை அறிஞர்கள் தங்களுக்குள் அடிபட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு போர்வீரனுக்குப் பட்டம் சூட்டும்போது, அவனுடைய பிரபு அவனை இழுத்துக் கழுத்தைக் கட்டிக்கொள்வாராம். கன்னத்தில் முத்தமும் கொடுப்பாராம். காலம் போகப் போக, கட்டிக்கொள்வதற்குப் பதிலாகக் கையால் தோளில் ஒரு தட்டு. அதற்குப் பிறகு வாளின் தட்டையான பக்கத்தால் தொடுவது. கை போய் வாள் வந்தது, வாளும் போய் வெறும் வார்த்தை மிஞ்சியது. அந்த வார்த்தையைத்தான் நான் இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்கு விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இசை எழுதுகிறவர்களுக்கும் இதே பெயரில் ஒரு குறி இருக்கிறதாம். ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டிய வரிகளை ஓரத்தில் சேர்த்துக் கட்டும் வளைந்த கோடு. அதையும் ஒருவிதக் கட்டிப்பிடிப்பு என்று கண்டவன் நல்ல மனிதனாகத்தான் இருந்திருப்பான்.

அன்று பின்னேரம் முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேடைகளிலும் கழுத்தும் தோளும்தான் முக்கியம். கழுத்துக்கு மாலை, தோளுக்குப் பொன்னாடை. ஆனால் போர்த்துகிறவர் போர்த்தப்படுகிறவரைப் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் கமெராவைப் பார்ப்பார்கள். கட்டிக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கத்திலும் இல்லை. பெருநாள் தொழுகை முடிந்து வரும் முஸ்லிம் ஆட்கள் தெருவில் ஆளையாள் கட்டித் தழுவுவதைச் சிறு வயதில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அன்பு மிகுந்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். இன்னும் மிகுந்தால் ஏன் சாப்பிடவில்லை என்று ஏசுவார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்யாணம் முடித்த ஒருவரை மேடையில் தனியாக நிறுத்திக் கௌரவிப்பது எங்கள் பக்கத்தில் குறைவு. கணவனையோ மனைவியையோ கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பெண்ணுக்கு விருந்தினர் மாலை போடமாட்டார். மாலையைக் கணவனின் கையில் கொடுப்பார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு மனைவிக்குப் போடுவார். சபை கைதட்டிச் சிரிக்கும். விழா முழுவதிலும் நான் உண்மையாக ரசிக்கிற இடம் அது ஒன்றுதான்.

அக்காவின் சிக்கலும் அந்த இடத்தில்தான் இருந்தது.

அக்கா சம்பூரில் எருமை வளர்க்கிறாள். மண்சட்டியில் அவள் உறைய வைக்கும் தயிரைக் கவிழ்த்துப் பிடித்தாலும் கொட்டாது. சண்டை மூண்டு சம்பூர் முழுவதும் எழும்பி ஓடிய நாளில் அவளும் அத்தானும் ஓடினார்கள். பாதி வழியில் அத்தான் நின்றுவிட்டார். மாடுகள் பட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன, திறந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த நாள் அந்த வழியால் தப்பி வந்தவர்கள், பட்டி திறந்து கிடந்ததையும் எருமைகள் வெளியே மேய்ந்ததையும் கண்டிருக்கிறார்கள். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. பட்டி திறந்திருந்தால் அவர் உயிரோடு போய்ச் சேர்ந்திருக்கிறார். போய்ச் சேர்ந்தவர் திரும்பி வரவும் கூடும்.

முகாமில் கழிந்த வருடங்களுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும்தான் மிச்சம். பற்றைக்குள் அலைந்த கட்டாக்காலி எருமைகளில் இரண்டின் பின்தொடையில் எங்கள் குறி சுட்டிருந்தது. அந்த இரண்டோடுதான் அவள் தொடங்கினாள். இன்றைக்கு அவளுடைய தயிர் கிண்ணியாவைத் தாண்டித் திருகோணமலை நகரத்துக் கடைகளுக்கெல்லாம் வருகிறது. பொட்டும் தாலியும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கின்றன.

நான் அப்படி இல்லை. அத்தான் இறந்துவிட்டார் என்று எப்போதோ முடிவுகட்டிவிட்டேன். செய்ய வேண்டிய கடமையைச் செய்துவிடுங்கள், அவருடைய ஆத்மாவாவது ஆறட்டும் என்று அக்காவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் சில மாதங்கள் என்னோடு கதைக்காமல் இருப்பாள்.

விழாவில் வாசிப்பதற்கு அவளைப் பற்றி எழுதிய அறிமுகத்தை உத்தியோகத்தர் எனக்கு அனுப்பினார். நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். 'கணவரை இழந்த நிலையிலும் தளராது' என்ற இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் எங்க இழந்தனான்? பட்டியைத் திறந்துவிட்டிட்டு வாறன் எண்டு போனவர். இன்னும் வரேல்லை. அவ்வளவுதான் கதை."

"அக்கா, ஊரே ஏற்றுக்கொண்டதை நீங்கள் ஒராள் மட்டும் எத்தினை காலத்துக்கு..."

"ஊர் ஏற்றுக்கொள்ளட்டும். ஊருக்கு அவர் புருசன் இல்லைத்தானே."

எனக்கு வந்த கோபத்தில் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். அவள் அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"எனக்கு அந்தக் கௌரவம் வேணும் பிள்ளை," என்றாள் பிறகு. "பொய் சொல்லேல்லை, ஆசையாத்தான் கிடக்கு. புதுச்சீலை கூட எடுத்திட்டன். ஆனால் மேடையில ஆராவது அவரைச் செத்தவர் எண்டு சொன்னால் நான் அப்பிடியே இறங்கி வந்திடுவன்."

அவள் தனக்கென்று எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்து எத்தனையோ காலம். அதற்கு விலையாக அவர்கள் கேட்டதோ, அத்தானைச் சாகக் கொடுப்பதை. அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். எனக்கோ அவள் அந்த மேடையில் ஏறியே ஆக வேண்டும் என்று இருந்தது. உத்தியோகத்தரிடம் பேசினேன். நல்ல மனிதர், உடனே அந்த வரியை எடுத்துவிட்டார். நானும் நிம்மதியாகிவிட்டேன். அந்த வரி போன இடத்திலே என்ன வந்து நிற்கும் என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருமே யோசிக்கவில்லை.

விழா நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. வாசலில் கட்டியிருந்த வாழையின் இலையை, நகரத்துத் தெருக்களில் மாடுகள்போலத் திரியும் மான்கள் இரண்டு எட்டிக் கடித்துக்கொண்டிருந்தன. நின்றவர்கள் அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி உள்ளே போனார்கள். நான் நடுவரிசையில் இருந்தேன். என் பக்கத்தில், அக்காவின் தயிரை வான் வண்டியில் ஏற்றிக் கடை கடையாகக் கொடுக்கும் மூதூர்ப் பெண். அவளும் அந்தச் சண்டையில் ஊரைவிட்டு ஓடியவள்தான். வானை அவளே ஓட்டுவாள். ஆரம்பத்தில் ஊர் அதை வாயில் போட்டு மென்றது; பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது. கணக்கு வழக்குக்காகத் தொடங்கிய பழக்கம்தான். இப்போது அக்கா காய்ச்சலில் படுத்தால் எனக்கு முன்னால் தெரிகிறது அவளுக்கு.

அறிவிப்பாளர் எங்கள் ஊரில் கேள்வியான ஆள், அவர் இல்லாமல் விழா கிடையாது. தாளைப் பார்த்து வாசிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அறிமுகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மீதியைத் தன் குரலை நம்பி விட்டுவிடுவார். அக்காவைப் பற்றி அழகாகத்தான் சொன்னார். எருமை, தயிர், மீள்குடியேற்றம் எல்லாம் வந்தன. அக்கா மேடைக்கு ஏறினாள். புதுச்சீலை, பெரிய பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. அறிவிப்பாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தன் தொழிலில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்.

"அன்னாரின் வெற்றிக்குத் தோள் கொடுத்த துணைவரையும் இவ்வேளை அன்போடு மேடைக்கு அழைக்கின்றோம்!"

மண்டபம் கைதட்டியது. எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஒருவரும் எழும்பி வரவில்லை. கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேய்ந்து நின்றது. விஷயம் தெரிந்த சம்பூர் ஆட்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்தில் மூதூர்க்காரி "யா அல்லாஹ்" என்றாள்.

அக்கா ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனாள். இறங்கி வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அவர் இன்னும் வரேல்லை," என்றாள்.

அறிவிப்பாளருக்கு அப்போதும் விளங்கவில்லை. "பரவாயில்லை அம்மா, வழியில நிக்கிறார் போல. நாங்கள் கொஞ்சம் பொறுப்பமே!" என்று சிரித்தார். முன்வரிசையில் யாரோ கூடவே சிரித்தார்கள். அந்த மனிதரின் வாயை ஓடிப்போய்ப் பொத்த வேண்டும் போல இருந்தது. பிரதம விருந்தினர் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி, போடுவதா கையில் கொடுப்பதா என்று தெரியாமல் நின்றார். மாலை ஏந்தி வந்த பெண் அதை யாரிடம் நீட்டுவது என்று முழித்தாள். அக்கா மட்டும் நேராக நின்றாள்.

என் பக்கத்துக் கதிரை பின்னால் தள்ளுப்பட்டது. மூதூர்க்காரி முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு விறுவிறென்று மேடைக்கு ஏறினாள்.

"தாங்க சேர், நான் போடுறன்."

பொன்னாடையை வாங்கி அக்காவின் தோளைச் சுற்றிப் போர்த்தாள். மாலையையும் வாங்கிப் போட்டாள். அதோடு வேலை முடிந்தது. அவள் இறங்கி வந்திருக்கலாம். அவள் இரண்டு கைகளையும் அக்காவின் கழுத்தைச் சுற்றிப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டாள். அம்மா செத்த வீட்டில்கூட யாரையும் கட்டிக்கொண்டு அழாத என் அக்கா, அவளுடைய தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால் மூதூர்க்காரி காதுக்குள் சொன்னது மண்டபம் முழுவதும் கேட்டது.

"அழாதீங்க அக்கா, போட்டோ எடுக்கானுகள்."

சபை சிரித்தது, அழுதது, கைதட்டியது. நானும் அழுதேன். கனம் வேண்டும் என்று தேடி நான் எடுத்துக் கொடுத்த சொல், மேசைமேல் கண்ணாடியில் பொறிக்கப்பட்டுத் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதை ஒருவரும் தேடவில்லை. முதல் முதலில் எந்த ஊரிலோ யாரோ ஒருவர் இன்னொருவரை இப்படி இழுத்துக் கட்டிக்கொண்டபோது, பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான் அதற்குப் பெயர் வைத்திருப்பார்கள். கட்டிக்கொண்டவர்களுக்குப் பெயர் தேவைப்பட்டிருக்காது.

தேநீர் நேரத்தில் அறிவிப்பாளர் எங்களைத் தேடி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"டீச்சர், சத்தியமா எனக்குத் தெரியாது. பொட்டைக் கண்டன், தாலியைக் கண்டன். அதால..."

நன்றாக நாலு வார்த்தை கேட்பதற்கு வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"நீங்கள் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லைத் தம்பி. இத்தினை காலத்தில அவரை ஒராள் மரியாதையாக் கூப்பிட்டது இண்டைக்குத்தான்."

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். அக்கா அவருடைய கையில் ஒரு வடையை எடுத்து வைத்தாள்.

திரும்பும்போது எல்லோரும் தயிர் வானில்தான் போனோம். அன்றிரவு அக்காவோடு சம்பூரில் தங்குவதாக ஏற்பாடு. மூதூர்க்காரி ஓட்ட, நானும் அக்காவும் பின்னால் வெறும் தயிர்ச்சட்டிகளோடு இருந்தோம். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தண்ணீரில் தோணிகள் நின்றன. அக்கா மாலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். பொன்னாடையைக் கழற்றவில்லை. காற்றுக்குக் குளிர்கிறது என்று சாட்டுச் சொன்னாள்.

எனக்கு அவளிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லின் கதையைச் சொன்னேன். கழுத்து, பிரபு, வாள் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஓ," என்றாள். "நல்ல சொல்தான்."

கொஞ்சத் தூரம் போனபின் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அவரைக் கூப்பிடேக்க நீயும் வாசலைத் திரும்பிப் பாத்தனீ, என்ன?"

"எல்லாரும்தான் பாத்தவை."

"அவையளுக்குத் தெரியாது, பாத்தவை. தெரிஞ்ச எங்கட ஊர்ச்சனம் தலையைக் குனிஞ்சுகொண்டிருந்தது. நான் மேலே நிண்டு பாத்தனான். தெரிஞ்சும் திரும்பினது நீ ஒராள்தான்."

அந்தக் குரல் துணைவர் என்று கூப்பிட்ட கணத்தில், வேட்டியும் வெள்ளைச்சேட்டுமாக, பிந்திவிட்டதற்கு வெட்கப்பட்டுச் சிரித்தபடி, அத்தான் வாசலில் வந்து நிற்பாரென்று என் கழுத்து தானாகத் திரும்பியிருந்தது. இறந்துவிட்டார், இறந்துவிட்டார் என்று அவளிடம் வாதாடிய நான், கதிரையின் விளிம்புக்கு வந்து, முன்னால் இருந்தவரின் தலை மறைக்கிறது என்று எட்டியும் பார்த்திருந்தேன்.

"ஓம் அக்கா," என்றேன். "பாத்தனான்."

அவள் பொன்னாடையின் ஒரு தலைப்பை எடுத்து என் தோளிலும் போட்டாள். அத்தான் போன நாளிலிருந்து அவள் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்த வழியை, அன்றைக்கு ஒரு கணம் நானும் அவளோடு சேர்ந்து பார்த்திருக்கிறேன். அவளுக்கு இவ்வளவு காலமும் வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதை நான் கொடுக்காமலே இருந்திருக்கிறேன்.